பாலத்து முனைத் தபால் பெட்டி

லாங்வெல்
6 அக்டோபர் 1912, ஞாயிறு

அன்புள்ள கெஸ்ஸி,

இதை நான் எழுதுகிறேன். நான்தான், உன் புருஷன் ஈனாக். பக்கத்து வீட்டு பாஸ்னெட் அம்மாள் எழுதவில்லை. சர்ச் ஆட்கள் யாரும் எழுதவில்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அவர்கள் எழுத்து வரிசையாக நடந்து போகும். என் எழுத்து சம்பள நாளில் வீடு திரும்புகிறவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வரும். உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும். எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கெஸ்ஸி என்று இருந்தது. மேசை மேல் நீயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எப்படி என்று கேட்பாய். நீ கோபித்துக்கொண்டு மான்செஸ்டருக்கு உன் தங்கை லவினியா வீட்டுக்குப் போன பிறகு ஒரு அட்டை போட்டாய் அல்லவா? அதை பாஸ்னெட் அம்மாளிடம்தான் கொடுத்தேன். அவள் வாசித்தாள். "கம்பளிச் சட்டை பெட்டிக்கு அடியில இருக்குன்னு எழுதியிருக்கா. பாத்தியா ஈனாக்கு, வீட்டை விட்டுப் போனவளுக்கு உன் சட்டை மேல என்ன கரிசனம்!" இதில் நீ சொன்னது எது, அவள் சேர்த்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. உன் வார்த்தை அவள் வாயில் மெல்லப்பட்டு எனக்கு வருகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

குவேக்கர் சபைக் கூடத்தில் ஞாயிறு காலை பெரியவர்களுக்குப் பள்ளி நடக்கிறது. மருந்துக்கடை பிரையர் சொல்லித் தருகிறார். முதல் நாள் நான் போனபோது, கரி அள்ளும் சைலஸ் முன் பெஞ்சில் இருந்தான். "என்ன ஈனாக்கு, மேல போய் சாமி முன்னால கையெழுத்துப் போடப் போறியா?" என்றான். "ஆமா, நீ வரலைன்னு எழுதிக் குடுக்கணும்ல" என்றேன். கூடமே சிரித்தது.

கெஸ்ஸி, இந்த ஊர் முழுக்க எழுத்து இருக்கிறது! நாற்பது வருஷம் படகோட்டிய கால்வாயில் ஒவ்வொரு பாலத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறார்கள். எனக்காகவே எழுதி வைத்துவிட்டு நான் வருவதற்காகக் காத்திருந்த மாதிரி இருக்கிறது. நேற்று இறைச்சிக் கடைப் பலகையை வாசித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

எப்போது வருகிறாய்? உன் கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் ஈனாக்


மான்செஸ்டர்
14 அக்டோபர் 1912

ஈனாக்,

கவரைப் பிரித்ததும், குதிரை லாயத்துப் பையன் யாரோ விளையாடியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு தேநீர் ஆறியதைப் படித்தேன். அது நீதான். லவினியா, "எதுக்குடி அழறே?" என்றாள். "வெங்காயம்" என்றேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

சந்தோஷம், கிழவா. நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றபோதெல்லாம் "நீ படி, நான் கேட்கிறேன், அதுதான் சுகம்" என்று சொன்னவன் நீ. இப்போது நீயே எழுதி அனுப்புகிறாய்.

ஆனால் எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அதனால் நான் எழுதுகிறேன். உன் கண்ணாலேயே படி. இந்தத் தடவை இடையில் யாரும் இல்லை.

ஜூன் மாதம் மந்திரி விருந்து சாப்பிட்ட மண்டபத்தின் ஜன்னலை உடைத்தோம். நானும் ரோடாவும் எல்லனும். அபராதம் கட்டு, இல்லையென்றால் சிறைக்குப் போ என்றார் நீதிபதி. எங்களில் யாரும் அபராதம் கட்டுவதில்லை. கட்டினால் குற்றம் செய்தோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சிறைக்குப் போவது, உள்ளே சாப்பிட மறுப்பது, அதுதான் எங்கள் பேச்சு. எங்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் வேறு வாயும் இல்லை. மூவரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். மறுநாள் காலை காவல்காரி வந்து, "கெளம்பு ஆத்தா, உன் வீட்டுக்காரர் பணத்தைக் கட்டிட்டார்" என்றாள். நான் போகமாட்டேன் என்றேன். தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் கதவின் துவாரம் வழியாக என்னைப் பார்த்தன. பாட்டு பாதியில் இருக்கும்போது எழுந்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தேன். அதன் பிறகுதான் கட்டாயமாக உணவு ஊற்ற ரோடாவின் மூக்கில் குழாயைச் செலுத்தினார்கள்.

படகு இழுக்கும் உன் குதிரையின் பித்தளை நகைகளை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபம்கூட முழுசாகப் பட விடவில்லை நீ.

நான் மறுபடியும் செய்வேன், ஈனாக். மறுபடியும் பிடிபடுவேன். அப்போது நீ பணம் கட்டமாட்டேன் என்று வாக்குக் கொடு. கொடுத்தால் அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

கெஸ்ஸி


லாங்வெல்
27 அக்டோபர் 1912

அன்புள்ள கெஸ்ஸி,

போட்டுக்கொண்டேன். முழங்கையில் கிழிந்திருக்கிறது.

முதலில் ஒரு சேதி. அலமாரியில் பச்சைத் தகர டப்பா இருக்கிறதே, நான் புகையிலை வைத்திருப்பது. அதன் மேல் எழுதியிருப்பதைப் புதன்கிழமை வாசித்தேன். நாய்க்கான குடற்பூச்சி மருந்து என்று இருக்கிறது. உனக்கு இது தெரியும்! இத்தனை வருஷம் அதிலிருந்து எடுத்து உன் முன்னாலேயே புகைக்குழாயில் அடைத்துப் பிடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. சைலஸிடம் சொன்னேன். "அதான் உனக்குப் பூச்சியே வரலை" என்றான். இப்போதும் அதில்தான் வைத்திருக்கிறேன். ருசி பழகிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சுற்றிப் போகிறவன் என்று உனக்குத் தெரியும். படகுக்காரன் நேராகப் போனதே இல்லை.

ரோடா வெளியே வந்த அன்று நான் அவள் வீட்டு வாசலில் இருந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கெஸ்ஸியம்மா எப்படி இருக்காங்க, தாத்தா?" என்று கேட்டாள். குரலே இல்லை கெஸ்ஸி. எண்ணெய் காணாத கதவு திறக்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நீ பாடும்போது, எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் உன் குரலை நான் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டு இருப்பேன். மற்றச் சிறைகளில் நடந்ததைக் கேட்டிருந்ததால், நீ உள்ளே போன அன்றே அந்தத் தொண்டைக்குள் குழாய் போவதை நினைத்தேன். பித்தளையை விற்றேன். இன்றைக்கு மறுபடி நடந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு எதைக் கேட்டாலும் வாக்குக் கொடுக்கிறேன். புகையிலையை விடச் சொல். விட்டுவிடுகிறேன்.

உன் ஈனாக்


மான்செஸ்டர்
5 நவம்பர் 1912

ஈனாக்,

டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதைக் கையில் எடுக்கும்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதைக் கெடுப்பானேன்?

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதை லவினியாவிடம் சொல்லவில்லை. அவள் கேலி செய்வாள். என் குரலைப் பிரித்து எடுப்பாய் என்று ஒருநாளும் சொன்னதில்லையே நீ. சொல்வதற்கு எழுத்து வேண்டியிருந்ததா?

ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

போன தேர்தல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மழை. உன்னை ஓட்டுச் சாவடிக்கு நான்தான் கூட்டிப் போனேன். முந்தின ராத்திரி மேசையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுக் காட்டினேன். "மேலேருந்து ரெண்டாவது பேரு. அதுக்கு நேரா பெருக்கல் குறி போடு. மத்ததைத் தொடாதே." நீ மூன்று தடவை போட்டுப் பழகினாய். யார் நல்லவர், யார் என்ன சொன்னார் என்று பத்திரிகையைப் படித்து உனக்குச் சொன்னது யார்? ஆனால் வாசலில் போலீஸ்காரன் கையை நீட்டி, "அம்மா இங்கேயே நில்லுங்க, ஐயா மட்டும் உள்ளே" என்றான். படிக்கத் தெரியாத நீ உள்ளே போனாய். படித்துச் சொன்ன நான் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றேன். நீ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். "சரியாப் போட்டுட்டேன் கெஸ்ஸி!" நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. அந்த வாசல் மேல்.

முப்பது வருஷம் பீங்கான் தொழிற்சாலையில் கோப்பை விளிம்புக்குத் தங்கக் கோடு போட்டேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆணுக்குச் சம்பளம் இரட்டிப்பு. அவன் கோடு ஆடும். நான் அதைத் திருத்துவேன். பணிவாகக் கேட்டுக் கேட்டு என் தலைமுறை கிழடாகிவிட்டது.

உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் உடம்பு என்னுடையது என்று விட்டுக்கொடுப்பது உனக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரே வார்த்தை போதும். முடியும் அல்லது முடியாது. அந்த வார்த்தை கிடைக்கும்வரை கம்பளிச் சட்டை, டப்பா எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் என் மனசு இளகிவிடும்.

காலையில் தபால்காரர் வரும்போது நான்தான் கதவைத் திறக்கிறேன்.

கெஸ்ஸி


மான்செஸ்டர்
4 டிசம்பர் 1912

ஈனாக்,

நவம்பர் முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்தேன். லவினியாவுக்குத் தையற்காரன் சீட்டு வந்தது. எனக்கு இல்லை. முடியாது என்று எழுத மனசு வராமல் பேசாமல் இருக்கிறாய் என்று முடிவு செய்துகொண்டேன். கோபத்தில் உன் கடிதங்களைத் தலையணையிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றினேன். பிறகு மறுபடியும் தலையணைக்கே கொண்டுவந்தேன். நான் அப்படித்தான்.

அந்தக் கோபத்தோடுதான் போன வெள்ளிக்கிழமை ஒரு வேலைக்குப் போனேன். என்ன வேலை, எங்கே என்று எழுதப் போவதில்லை. அந்த ஊரின் சந்துகள் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியும் என்றேன்.

நேற்று காலை தபால் இலாகாவின் நீளக் கவர் ஒன்று வந்தது. உள்ளே ஒரு அச்சடித்த சீட்டு. விஷமிகளால் சேதமடைந்த கடிதம் இத்துடன் அனுப்பப்படுகிறது, வருந்துகிறோம் என்று. சீட்டோடு உன் கடிதம்.

கருப்பு. நாலு பக்கமும் கருப்பு. கவரின் மேல் முகவரி மட்டும் தப்பியிருந்தது. நீ அவ்வளவு பெரிதாக எழுதுகிறாய், எந்த மையாலும் மூட முடியவில்லை. உள்ளே எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தது. ஆவியில் காட்டிப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் "உன் ஈனாக்" மட்டும் இருக்கிறது.

முத்திரையில் லாங்வெல், வெள்ளிக்கிழமை என்று இருந்தது. ஈனாக், அந்த விஷமியை எனக்குத் தெரியும். அவளுக்கு இடது முழங்காலில் வாதம். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலு பக்கம் எழுத உனக்கு எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. உன் நாக்கு உதட்டோரம் எப்படித் துருத்திக்கொண்டு இருந்திருக்கும் என்றுகூடத் தெரிகிறது.

அதில் என்ன எழுதியிருந்தாய்?

கெஸ்ஸி


லாங்வெல்
11 டிசம்பர் 1912

அன்புள்ள கெஸ்ஸி,

இது தபாலில் வராது. என் பழைய சிநேகிதன் ஜோப் களிமண் இறக்கிவிட்டு மான்செஸ்டருக்குப் படகு கொண்டுபோகிறான், அவன் கொண்டுவந்து தருவான். தபால் பெட்டியை இப்போதெல்லாம் நம்ப முடியவில்லை. யார் யாரோ வந்து எதை எதையோ ஊற்றுகிறார்கள்.

நான் பார்த்தேன் கெஸ்ஸி.

கடிதம் போட்டால், தபால்காரர் வந்து எடுத்துப் போகும்வரை ஜன்னலருகே உட்கார்ந்து பாலத்து முனைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். என் கடிதம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் மற்றவர்கள் கடிதத்தோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்கு ஒரு சந்தோஷம். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றுகிறவன் அப்போதுதான் பாலத்தைக் கடந்து போயிருந்தான். ஒரு பெண் வந்தாள். முகத்துக்கு வலைத்துணி. கைகளை ரோமப் பைக்குள் நுழைத்திருந்தாள். நடையைப் பார்த்தேன். இடது காலை மட்டும் கொஞ்சம் யோசித்து வைக்கிறாள். அது நீ.

ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கதவைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், கால்வாய்ச் சரிவில், கான்ஸ்டபிள் பிளாண்ட் ஏறி வருவது தெரிந்தது. உனக்குத் தெரிந்திருக்காது. பெட்டி அவனை மறைத்தது.

நான் பின்பக்கமாகப் போய்ச் சரிவிலேயே அவனைப் பிடித்தேன். அங்கே சுவரில் ஒரு போலீஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

"பிளாண்டு தம்பி, கொஞ்சம் நில்லு. நான் படிக்கக் கத்துக்கிட்டேன். கேளு."

"அப்படியா பெரியவரே, நல்லது. நான் மேலே போகணும்."

"ஒரே ஒரு நோட்டீஸ்தான்ப்பா. த... பா... தபால்! தபால் பெ... ட்..."

"பெட்டி."

"நீ சொல்லாதே! நானே சொல்றேன். பெட்டி. களை... கெ... கெடுப்..."

"கெடுப்பவர்களை. ஐயா, இதை ஒட்டினதே நான்தான். எனக்கு மனப்பாடம்."

"ஒட்டினவனுக்கு மரியாதை வேணாமா? முழுசாக் கேட்டுட்டுப் போ. எங்க விட்டேன்? தொலைஞ்சுது, மொதல்லேர்ந்து வரேன். த... பா..."

நல்ல பையன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த நோட்டீஸ் முழுவதையும் படித்தேன் கெஸ்ஸி. சன்மானம் எவ்வளவு என்பது வரைக்கும். அதைவிட மெதுவாக யாராலும் வாசித்திருக்க முடியாது. நடுநடுவே அவன் தோளுக்கு மேலே உன்னைப் பார்த்தேன். ரோமப் பைக்குள்ளிருந்து மைப் புட்டியை எடுத்தாய். பெட்டியின் வாயில் வைத்தாய். உன் முழங்கால்கள் நடுங்கின. பாவாடையே ஆடியது. ஆனால் கை ஆடவில்லை. தங்கக் கோடு போடுகிற கை அப்படியே இருந்தது. ஊற்றி முடித்ததும் தொப்பியை இரண்டு பக்கமும் தொட்டுச் சரிசெய்தாய், சர்ச்சுக்குள் போகுமுன் செய்வாயே, அப்படி. பிறகு போய்விட்டாய். நம் வீட்டு ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அங்கே யாரும் இல்லை. நான் இந்தப் பக்கம் நின்று போலீஸ்காரனுக்கு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அதில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்கிறாய். நாலு பக்கமும் சேர்ந்து ஒன்றைத்தான் சொன்னது. முடியாது. என்னால் முடியாது என்று எழுதியிருந்தேன்.

அது கருப்பானதில் எனக்கு வருத்தம் இல்லை. இதுவரை உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். அதனால் உனக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். பணம் கட்டியதும் அதனால்தான். அன்றைக்கு உன் பாவாடை ஆடியதைப் பார்த்தேன். நீ என்னைவிட அதிகமாகப் பயப்படுகிறாய். பயந்துகொண்டே செய்கிறாய். பயப்படுகிற வேலையையும் நீயே பார்த்துக்கொள்ளும்போது, அதில் எனக்கு என்ன பங்கு?

முடியும் கெஸ்ஸி. கட்டமாட்டேன். இதை எழுதும்போது என் கை ஆடுகிறது, நீ பார்த்தாலே தெரியும். ஆனால் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஸ்னெட் அம்மாள் கனடாவில் இருக்கும் மகனுக்கு எழுதிய கடிதமும் அதே பெட்டியில்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்து அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதையும் நீ யோசி.

ஜோப் கொண்டுவரும் பாலாடைக்கட்டி உனக்கு. லவினியாவுக்கு நிறையக் கொடுக்காதே.

உன் ஈனாக்


மான்செஸ்டர்
17 டிசம்பர் 1912

என் ஈனாக்,

ஜோப் கதவுக்கு வெளியே நின்று, "கெஸ்ஸிம்மா, இதை உங்க கையிலதான் குடுக்கணும், தபால்ல போட்டா உன்னைக் கால்வாய்ல தள்ளிடுவேன்னு சொல்லியிருக்கான்" என்றான். அவனை உட்காரச் சொல்லக்கூட மறந்து படித்தேன். பாவம், குளிரில் நின்றான்.

அன்றைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ கிழவன் எழுத்துக் கூட்டுகிற சத்தம் காற்றில் வந்தது. யாரோ குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். நீயா!

பாஸ்னெட் அம்மாளைப் பற்றி எழுதியது சரி. உன் கருப்புக் காகிதத்தைப் பார்த்த அன்றே, இனி தபால் பெட்டிக்கு என்னை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். ஊர் முழுக்கச் சங்கடப்பட்டால்தான் மந்திரிகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு ஜன்னல்தான் சரி. கண்ணாடி யாருடைய வார்த்தையும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. பாஸ்னெட் அம்மாளுக்கு நானே ஒரு கேக் செய்து எடுத்துப் போவேன். எதற்கென்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வந்த பிறகு என்னை எப்போதும் வீட்டிலேயே வைத்திருக்க முடியாது. அதுவும் உனக்குத் தெரியும். தெரிந்துதான் முடியும் என்று எழுதினாய்.

அந்தச் சட்டையின் முழங்கையைத் தைக்காமல் வை.

உன் கெஸ்ஸி


லாங்வெல்
16 பிப்ரவரி 1913, ஞாயிறு

அன்புள்ள கெஸ்ஸி,

இந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். முழங்கையில் நீ போட்ட ஒட்டு என் கையைவிடப் புதிதாக இருக்கிறது. ஐந்து வாரம் என் பக்கத்தில் இருந்தாய். அது போதாது. ஆனால் இருந்தாய்.

வழக்கு நடந்த அன்று நீ கூண்டில் நின்றதால், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

நீ உடைத்த வரி அலுவலகத்து ஜன்னல்கள் எத்தனை, கல் எவ்வளவு பெரிது என்றெல்லாம் பிளாண்ட் படித்தான். நன்றாகப் படிக்கிறான், ஆனால் ரொம்ப வேகம். நீதிபதி உன்னைக் கேட்டார். "ரெண்டு பவுன் அபராதம், இல்லாட்டி ஒரு மாசம். கட்டிட்டு வீட்டுக்குப் போறியாம்மா? உனக்கு வயசாச்சு."

"கட்டமாட்டேன் ஐயா. வயசானது காத்துக்கிட்டிருந்ததாலதான்" என்றாய். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். ஊரே திரும்பியது. சைலஸ் என் விலாவில் இடித்தான். "கட்டுய்யா. பாதி நான் தர்றேன். அவ தாங்கமாட்டா." பாஸ்னெட் அம்மாள் பின்னாலிருந்து, "ஈனாக்கு, உனக்குக் கல்நெஞ்சா?" என்றாள். அவள் கேக் சாப்பிட்டவள், பாவம், உன் மேல் பிரியத்தில் சொன்னாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவற்றை வெளியே விட்டால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"பெரியவரே, போன தடவை நீங்கதானே கட்டினீங்க?" என்றார் நீதிபதி.

எழுந்தேன். "ஆமாங்க ஐயா. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு மூட்டச் சொல்லவில்லை. நீ மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாய். தொப்பியை இரண்டு பக்கமும் தொட்டுச் சரிசெய்தாய். பிறகு அவர்களோடு படியிறங்கிப் போனாய். கால் கொஞ்சமும் ஆடவில்லை. ஆடினது என்னுடையது.

வீட்டுக்கு வந்து உன் கோப்பையைக் கழுவினேன். அதில் யாரும் குடிக்கவில்லை, ஆனாலும் கழுவினேன். தங்கக் கோட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாய், எங்கே முடித்தாய் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நீ சாப்பாட்டை மறுத்துவிட்டாய் என்று ரோடா வந்து சொன்னாள். அதற்குப் பிறகு குழாய் என்றும் சொன்னாள். மறைக்கவில்லை. நல்ல பெண். அன்றைக்கு எனக்கும் ரொட்டி இறங்கவில்லை. "நீங்களும் பட்டினி கிடந்தா அவங்க வந்து என்னைத்தான் திட்டுவாங்க, தாத்தா. சாப்பிடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளாலும் கெட்டி ரொட்டியை விழுங்க முடியாது. இரண்டு பேரும் பாலில் நனைத்துத் தின்றோம்.

இதுவரை எழுதியதைச் சிறைக்கு எடுத்துப்போய்க் கொடுக்கலாம் என்று நேற்று போனேன். வாசல்காரர் வாங்கவில்லை. "தண்டனைக் கைதிக்குக் கடிதம் கிடையாது பெரியவரே. அப்படி என்ன அவசரம்?" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லை, எழுதவே ஒரு வாரம் ஆச்சு" என்றேன். "அப்ப அவங்க வெளிய வர்றப்ப நீங்களே குடுத்துடுங்க" என்றார்.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. படகிலும் அனுப்பவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன். நீ வெளியே வரும் அன்று காலை வாசலில் நிற்பேன். ஜோப் வண்டி கொண்டுவருகிறான், கம்பளி இருக்கும். உன் குரல் வந்தால் பேசு. வராவிட்டால் பேசாதே. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருஷம் நீ படித்தாய், நான் கேட்டேன். அதுதான் சுகம் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சுகத்தை இப்போது நீ அனுபவி. வண்டியில் என் தோளில் சாய்ந்துகொள். இந்தக் கடிதத்தை எடுத்து, "அன்புள்ள கெஸ்ஸி" என்பதிலிருந்து நான் உனக்கு வாசிப்பேன்.

மெதுவாகத்தான் வாசிப்பேன். இடையில் நீ சொல்லிக் கொடுக்காதே.

உன் ஈனாக்